பயம் எடுக்கிற அக்கா

சாத்தூர், சிவகாசி பக்கம் யார் வீட்டுக்குப் போனாலும், சுவரில் மாலையோடு தொங்கும் படங்களை நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஒன்றாவது தெரிந்த முகமாக இருந்துவிடுமோ என்று இருக்கும். அவர்களை உயிரோடு எனக்குத் தெரியாது. ஆனால் சிரிப்பதற்கு முன்னால் அந்த முகம் எப்படி இருந்தது என்று தெரியும்.

மாடி வீட்டு அக்காவின் கம்ப்யூட்டரில் பார்த்ததுதான். கல்யாணமாகி சிவகாசிக்கு வந்த புதிதில், ஒரே வாசலுக்குள் வரிசையாக வீடுகள் இருக்கும் வளவு ஒன்றில் குடியிருந்தோம். என் கணவர் காலண்டர் கம்பெனிக்கு ஆர்டர் பிடிக்கிறவர். சீசன் தொடங்கினால் மாதிரிக் காலண்டர்களோடு வடக்கே போய்விடுவார். வீட்டில் நானும் அத்தையும் மட்டும். மாடியில் அக்கா தனியாக இருந்தார். ஃபிளெக்ஸ் கடைக்காரர்களும் ஸ்டூடியோக்காரர்களும் அவருக்கு வாட்ஸப்பில் முகங்களை அனுப்புவார்கள். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் வரும். அக்கா அவற்றைச் சிரிக்க வைத்துத் திருப்பி அனுப்புவார்.

சிரிக்க வைப்பது என்று நான்தான் சொல்கிறேன். அவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

"நான் எங்க தாயி சிரிப்ப வைக்கேன்? பயத்தை எடுக்கேன். அதை எடுத்துட்டா சிரிப்பு தானா வந்துரும்."

அதிகமும் பட்டாசு ஆலையில் வேலை செய்தவர்களின் படங்கள். வேலைக்குச் சேரும் அன்று அடையாள அட்டைக்காகச் சுவரோரம் நிறுத்தி, அசையாதே என்று சொல்லி எடுத்தவை. பலருக்கு, தனியாக எடுத்த படம் என்று அது ஒன்றுதான் இருக்கும். ஆள் போன பிறகு வீட்டுக்காரர்கள் அந்த அட்டையைத்தான் கொண்டுவந்து, இதைப் பெரிதாக்கிக் கொடுங்கள் என்பார்கள். பெரிதாக்கினால் பயமும் பெரிதாகும். இரண்டு புருவத்துக்கும் நடுவில் அது ஒரு முடிச்சாக நிற்கும். அக்கா முதலில் அதை அவிழ்ப்பார். பிறகு கண்ணுக்குக் கீழே சின்ன மேடு. கடைசியாகத்தான் உதட்டு ஓரம். வேலை செய்துகொண்டே படத்தோடு பேசுவார்.

"விடு, விடு. யாரு ஒன்னைய என்ன செய்யப் போறா? அங்கன என்னத்தப் பாக்க? இங்கன பாரு."

ஜன்னல் கம்பி அதிரும்படி தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டால் வளவில் எல்லோரும் வாசலுக்கு ஓடிவருவோம். புகை எந்தப் பக்கம் என்று பார்ப்போம். அந்தப் பக்கம் வேலைக்குப் போனவர்களுக்கு போன் போடுவோம். அக்கா மட்டும் வெளியே வரமாட்டார். உள்ளே போய்க் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பார். இன்னும் ஒரு படமும் வந்திருக்காது. எனக்கு அது பிடிக்காது. பிடிக்காது என்று நினைத்ததும், பாவம், அவர் வேறு என்ன செய்வார் என்றும் தோன்றும்.

ஒருநாள் நான் மேலே இருந்தபோது, ஒருவர் ஃபிரேம் போட்ட படம் ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். அவர் மனைவியின் படம். அக்கா மாற்றிக் கொடுத்ததுதான்.

"இந்தச் சிரிப்பக் கொஞ்சம் கொறைக்கணும்மா."

"ஏண்ணே, நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. நான் குடிச்சிட்டு வந்தாலும் சிரிக்கா. வேலைக்குப் போகாமக் கெடந்தாலும் சிரிக்கா. உசுரோட இருக்கையில ஒரு நாளாச்சும் இப்படிச் சிரிச்சிருப்பாளா? வெளக்கமாத்தல்ல எடுத்துருப்பா."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"பழைய படம் எங்கிட்ட இல்லண்ணே. மாத்துன ஒடனே அழிச்சிருவேன். பழசு இருந்தா மனசு அதுக்கேதான் போகும்."

"அப்ப மொறைக்கிற மாதிரி புதுசா செஞ்சு குடு."

"எடுக்கத்தான் எனக்குத் தெரியும். வைக்கத் தெரியாது."

அவர் படத்தைத் திரும்பவும் துண்டில் சுற்றினார். படியிறங்கும்போது அந்த முகம் தன் நெஞ்சுப் பக்கம் வந்துவிடாமல், வெளியே பார்க்கும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு போனார்.

அக்காவின் வீட்டில் ஒரே ஒரு படம்தான் இருந்தது. அவர் அம்மாவுடையது. தீப்பெட்டி ஆபீஸ் என்று எங்கள் பக்கம் சொல்லும் ஆலையில் வேலை பார்த்தவராம். படத்தில் கண்ணெல்லாம் சிரிப்பாக இருப்பார். அழகாகச் சிரிக்கிறார்களே என்று ஒருமுறை சொன்னேன். "எங்கம்மா சிரிச்சு நான் பாத்ததே இல்ல. இப்பத்தான் தெனமும் பாக்கேன்" என்றார் அக்கா, சோற்றைப் பிசைந்துகொண்டே. அதன் பிறகு அந்தப் படத்துக்கு எதிரில் உட்கார எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அக்காவின் படம் ஒன்றும் கிடையாது. "ஆதார்ல இருக்கே ஒண்ணு, திருடியப் பிடிச்சு வச்ச மாதிரி. அம்புட்டுப் பேர் மூஞ்சியச் சரி பண்ணுதேன், கவர்மென்டு வச்சிருக்க என் மூஞ்சியில கை வைக்க முடியல" என்பார். அவர் சொன்ன ஒரே வேடிக்கைப் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

என் முகத்திலும் அவர் கை வைத்தார். வளைகாப்புக்கு எடுத்த படம். பயப்படுவது என் சுபாவம். படித்தவள் என்பதால் பயத்துக்குக் காரணங்களும் கூடுதலாகக் கிடைக்கும். அந்தப் படத்தில் கைநிறைய வளையலோடு, மருத்துவமனை வரிசையில் நிற்பவள் போல உட்கார்ந்திருந்தேன். அக்கா நான் கேட்காமலே அந்தப் பயத்தை எடுத்துவிட்டார். ஃபிரேம் போட்டு வந்தபோது அத்தைக்கு அவ்வளவு சந்தோஷம். வடக்கே இருந்து போனில் பேசிய கணவர், "எப்பவும் அந்தப் போட்டோவுல இருக்க மாதிரி இருந்தா என்ன?" என்று கேட்டார். நான் படத்தை வெகுநேரம் பார்த்தேன். அதில் இருந்தவள் என்னைவிட நல்ல தாயாக இருப்பாள் என்று தோன்றியது.

மகள் பிறந்தாள். மாதம் பிறந்தால் பிள்ளையைப் படுக்கவைத்து, பக்கத்தில் மாத எண்ணை எழுதிப் படம் எடுப்பது இப்போது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எங்கள் ஊரில் பட்டாசுப் பெட்டி லேபிள்களைக் கத்தரித்து எண்ணாக அடுக்குவோம். அக்காவே தன் கேமராவைக் கொண்டுவந்து, கீழ் வீட்டு இருட்டுக்கு ஃபிளாஷ் போட்டு எடுப்பார். சாயங்காலம் படம் என் போனுக்கு வரும். பாப்பா அதில் வாய் நிறையச் சிரிப்பாள்.

வீட்டில் அவள் அப்படிச் சிரிப்பதில்லை. சிரிக்கவே மாட்டாள் என்றில்லை. முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, எதிரில் இருப்பது யார் என்று யோசித்த பிறகு சிரிப்பாள். இடது பக்கம் நின்று கிலுகிலுப்பையை ஆட்டாமல் காட்டினால் திரும்ப மாட்டாள். சில நேரம் இடது கண் தனியாக எங்கோ போய் நிற்கும். விளையாட்டுப் போல அவள் வலது கண்ணைத் துண்டால் மூடினேன். வீறிட்டு அழுதாள். இடது கண்ணை மூடினேன். பேசாமல் இருந்தாள். பெற்ற பிள்ளையை இப்படிச் சோதிக்கிறோமே என்று வருந்தினேன். மறுநாள் மறுபடியும் செய்து பார்த்தேன்.

அத்தையிடம் சொன்னேன்.

"நெட்டுல படிச்சுப் படிச்சுக் கிறுக்குப் புடிச்சிருச்சு ஒனக்கு" என்றார். எழுந்து போய்ச் சுவரில் இருந்த ஒன்பதாம் மாதப் படத்தைக் கழற்றிக் கொண்டுவந்தார். "இந்தா, நல்லாப் பாரு. கண்ணு எம்புட்டு லட்சணமா இருக்கு. ரெண்டும் ஒண்ணு போல. பச்சப்புள்ளைக்கு இல்லாத நோவ நீயே கூட்டிட்டு வந்துருவ போல."

பார்த்தேன். இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தன. கணவரிடம் சொன்னால், அவரும் அதே படங்களைத் தன் போனில் திறந்து பார்த்துவிட்டு, நல்லாத்தான இருக்கா என்பார். நானும் அடங்கிவிடுவேன். பயந்தால் பிள்ளைக்கும் அந்தப் பயம் தொற்றும் என்று எங்கோ படித்திருந்தேன்.

முதல் பிறந்தநாள் வந்தது. வாசலில் கட்ட ஃபிளெக்ஸ் வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டார். காலையில் அக்கா வந்து படம் எடுத்துப் போனார். மத்தியானம் அவருக்குக் கருவாட்டுக் குழம்பு கொடுக்க மேலே போனேன்.

திரை முழுக்க என் மகளின் முகம். அக்கா இன்னும் வேலையைத் தொடங்கியிருக்கவில்லை. சிரிக்காத, என் வீட்டில் இருக்கிற அதே முகம். அதன் இடது கண்ணில் கறுப்புக்குப் பதிலாக வெள்ளையாக ஒன்று இருந்தது. பால் விட்டது போல. இருட்டில் பூனை திரும்பிப் பார்த்தது போல.

"அக்கா, அது என்ன?"

"எது? இதா? ஃபிளாஷ் பட்டு மின்னுது. இந்தா, போயிரும்."

வலது கண்ணை வட்டமாக எடுத்தார். திருப்பினார். இடது கண்ணின் மேல் கொண்டுபோய் வைத்து ஓரங்களைத் தேய்த்தார். பாப்பா அழகாகிவிட்டாள். நாலைந்து அசைவுதான். கை பழகியிருந்தது.

"எப்பவும் இப்படி மின்னுமாக்கா?"

"மாசாமாசம் வரும். எடுத்துருவேன்."

"ரெண்டு கண்ணுலயுமா?"

அவர் ஓரத்தை இன்னும் கொஞ்சம் தேய்த்தார். நான் மறுபடி கேட்டேன்.

"ஒரே கண்ணுலயா?"

மவுசின் மேல் இருந்த கை நின்றது. பிறகு ஒரு விரல் மட்டும் அசைந்து, செய்ததைப் பின்னுக்கு எடுத்தது. வெள்ளைக் கண் வந்தது. முன்னுக்குத் தள்ளினார். நல்ல கண் வந்தது. மறுபடியும் பின்னால். என் மகள் எங்கள் இருவரையும் ஒரு கண்ணால் பார்ப்பதும், இரண்டு கண்ணால் பார்ப்பதுமாக இருந்தாள்.

"இந்தக் கண்ணுதான்" என்றார் அக்கா. "எப்பவும் இந்தக் கண்ணுதான் தாயி."

கீழே வந்து பையை எடுத்தேன். ஃபிளாஷ் மின்னியதற்கு யாராவது பிறந்தநாள் அதுவுமாக மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்குப் போவார்களா என்று அத்தை வாசலை மறித்துக்கொண்டு கத்தினார். எப்போதும் மாடியிலேயே பேச்சை முடித்துக்கொள்ளும் அக்கா அன்று எங்கள் நடுவீடு வரைக்கும் வந்தார். சுவரில் இருந்த படத்தைக் காட்டினார்.

"பெரியம்மா, நீங்க பாக்கீகளே, அது பாப்பா கண்ணு இல்ல. நான் ஒட்டுனது."

அத்தை படத்தைப் பார்த்தார். பிறகு பிள்ளையைப் பார்த்தார். வழியை விட்டு விலகி நின்றுகொண்டார்.

மதுரைக் கண் மருத்துவமனைக்கு அக்காவும் எங்களோடு வந்தார். என் கணவர் வந்து சேர இரண்டு நாள் ஆகும். சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்த டாக்டரம்மா இன்னொரு முறையும் அடித்துப் பார்த்தார். கண்ணுக்குள் கட்டி இருக்கிறது என்றார். எவ்வளவு நாளாக இருக்கிறது என்று தெரிந்தால் நல்லது, பழைய படங்கள் இருக்கின்றனவா என்று கேட்டார்.

போனைக் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். எல்லா மாதத்திலும் என் மகள் இரண்டு நல்ல கண்களால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எதுலயும் தெரியலையேம்மா. இது பூரா மாத்துன படம் மாதிரி இருக்கே. ஒரிஜினல் இல்லையா?"

"அழிச்சிட்டேன்" என்றார் அக்கா.

டாக்டரம்மா போனைத் திருப்பித் தந்துவிட்டார். அப்போது அக்கா கண்ணை மூடிக்கொண்டார். வலது கையை மேசைமேல் வைத்து, இல்லாத மவுசைப் பிடிப்பது போல விரல்களைக் குவித்தார். கை மெதுவாக நகரத் தொடங்கியது.

"மூணாம் மாசம். மஞ்சச் சட்ட. வாயி மட்டுந்தான் தொட்டேன். நாலு… வாயி, புருவம். கண்ணுல ஒண்ணுஞ் செய்யல." கை நகர்ந்து நின்றது. "அஞ்சுல இருந்துச்சு. கடுகு மாதிரி. ஒரு தடவ தொடச்சேன், போயிருச்சு. ஆறுல ரெண்டு மூணு தடவ தொடைக்க வேண்டியிருந்துச்சு. ஏழுல தொடச்சாப் போகல. அப்பத்தான் அந்தக் கண்ண எடுத்து இதுல ஒட்ட ஆரம்பிச்சேன். அதுல இருந்து ஒட்டுதான்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டே வந்தார். முடிந்த பிறகும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மேசைமேல், யாரோ ஒரு குழந்தையின் கண் இருக்கும் இடத்தில், சின்ன வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

உயிருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அந்தக் கண்ணை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை பல விதமாக முடித்துப் பார்க்கிறேன். கண்ணை எடுத்தார்கள். புண் ஆறியதும் வலது கண்ணைப் பார்த்து, அதே நிறத்தில், அதே அளவில் ஒரு கண் செய்து வைத்தார்கள். வீட்டுக்கு வந்து அவளைத் தொட்டிலில் போட்டபோது, எங்கள் சுவரில் இருந்த படத்தில் இருந்த குழந்தைதான் தொட்டிலில் கிடந்தது. இரண்டும் ஒன்று போல.

அத்தை அன்றைக்கே எல்லாப் படங்களையும் கழற்றி, பரணில் குப்புறப் போட்டுவிட்டார்.

அக்கா மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கோபப்பட்டுக்கொண்டு மாடியேறுவேன். அவர் முகத்தைப் பார்த்ததும் இறங்கிவிடுவேன். ஒருநாள் அவரே கூப்பிட்டார். கம்ப்யூட்டர் மேல் துண்டு போட்டு மூடியிருந்தது.

"மொதப் பிறந்தநாளுக்குன்னு எம்புட்டுப் புள்ளைக படம் வந்திருக்கும் எனக்கு? ஃபிளாஷ் பட்ட கண்ணு எல்லாத்தையும் தொடச்சிருக்கேன். ரெண்டு கண்ணா, ஒரு கண்ணான்னு எவ பாத்தா? அதுல இது மாதிரி இன்னும் இருந்துச்சா, இல்லையா? நெனச்சா கம்ப்யூட்டரத் தொறக்க முடியல புள்ள."

"ஞாபகம் வரலையாக்கா? அன்னைக்குச் சொன்னீகளே?"

"பாப்பா மாசாமாசம் வந்தா. மத்ததுக ஒரே ஒரு தடவதான் வந்துச்சு."

அதன் பிறகு அவர் செய்தது ஊருக்குப் பிடிக்கவில்லை. கேமராவை எடுத்துக்கொண்டு, தான் செய்த பிறந்தநாள் ஃபிளெக்ஸ்களின் வீடுகளைத் தேடிப் போனார். பிள்ளைக்கு ஃபிளாஷ் போட்டு ஒரு படம், ஒன்றே ஒன்று எடுத்துக்கொள்கிறேன் என்பார். எதற்கு என்று கேட்டால் கண்ணைப் பார்க்க வேண்டும் என்பார். செத்தவர்களுக்குப் படம் செய்கிறவள் வந்து பச்சைப்பிள்ளை கண்ணைப் பார்க்க வேண்டும் என்றால் யார் விடுவார்கள்? ஒரு வீட்டில் மிளகாய் சுற்றிப் போட்டார்களாம். இன்னொரு வீட்டில் கேமராவைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார்கள். "ஏ, ஒன் கண்ணக் கொண்டுபோயி எங்கயாச்சும் ஒட்டு, போ" என்று எங்கள் தெருமுனையிலேயே ஒருத்தி கத்தியதை நான் கேட்டேன். ஃபிளெக்ஸ் கடைக்காரர்கள் படம் அனுப்புவதை நிறுத்தினார்கள். கேமரா போனதும் அக்கா, கைபேசியாலேயே எடுக்கிறேன் என்று கிளம்பினார். கடைசியில் வளவுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். அம்மா படத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் அக்கா போய்விட்டார்.

நாங்களும் பிறகு விருதுநகருக்கு வந்துவிட்டோம். போன மாதம் மகளின் கண்ணுக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்க சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் அக்கா. முடி நரைத்திருந்தது. ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு அடித்துக் கொடுக்கிறாராம்.

"மூஞ்சி வேலையெல்லாம் விட்டாச்சு தாயி. எழுத்து மட்டுந்தான்."

பிறகு என் மடியில் இருந்த மகளைப் பார்த்தார். அவளுக்கு இப்போது நாலு வயது. புது ஆளைக் கண்டால் நேராகப் பார்ப்பாள், இமைக்க மாட்டாள். அக்கா குனிந்து அந்த முகத்தில் தேடினார். எத்தனையோ முகங்களை மயிரிழை மயிரிழையாகப் பார்த்தவர். இரண்டு கண்களுக்கும் நடுவே அவர் பார்வை போய்ப் போய் வந்தது.

"எந்தக் கண்ணு? எனக்கே தெரியலையே" என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

நான் வாயெடுப்பதற்குள் மகள் இடது கண்ணை விரலால் தட்டிக் காட்டினாள். நகம் பட்டு டிக் என்று கேட்டது. அக்கா பின்னால் சாய்ந்துவிட்டார்.

"இது சும்மா கண்ணு பெரிம்மா. இதுல நீங்க தெரிய மாட்டீக."

"இடிச்சா வலிக்குமா தாயி?"

"வலிக்காது. இருங்க, காட்டுறேன்." அவள் என் மடியிலிருந்து அவர் மடிக்குத் தாவினாள். உள்ளங்கையை விரித்து அக்காவின் இடது கண்ணை அழுத்தி மூடினாள். "இப்பப் பாருங்க. எனக்கு இப்படித்தான். தெரியுதா?"

"தெரியுது."

"அந்தப் பக்கம் யாரு நிக்கான்னு தெரியுதா?"

"தெரியல."

"பயமா இருக்கா?"



"ஆமா தாயி."

மகள் கையை எடுக்கவில்லை. நடத்துநர், அக்கா டிக்கெட் எடுத்திருந்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லி விசிலடித்தார். அக்கா எழுந்திருக்கவில்லை. பஸ் கிளம்பியது.